வன்னி வெயிலில் 24 வோல்ட்

நெல் ஆலையில் "பிஎல்சி செத்துப்போச்சு" என்று சொன்னால் (பிஎல்சி என்பது இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி), முதலில் மீற்றர் வைக்கவேண்டியது பிஎல்சியில் அல்ல, அதற்குக் கரண்ட் குடுக்கிற 24 வோல்ட் டிசி பவர் சப்ளையில். அம்பியரைக் கூட்டிப் பார்த்து அதை வாங்குகிறோம். இவையெல்லாம் பூட்டியிருக்கும் பெட்டியான பனலுக்குள் எவ்வளவு சூடு என்று யாரும் கேட்பதில்லை.

சிறிய பனல் ஒன்றை எடுப்போம். பிஎல்சிக்கு 0.5 அம்பியர், தொடுதிரைக்கு 0.4, சென்சர்களுக்கு 0.2, பன்னிரண்டு ரிலேக்கு (கரண்டால் இயங்கும் ஆளி) 0.5, நாலு சொலினொயிட் வால்வுக்கு (கொயிலின் காந்தத்தால் இயங்கும் வால்வு) 0.8. மொத்தம் 2.4. கடையில் 2.5 அம்பியர் எடுத்துத் தருவார்கள். வாங்கவேண்டாம். பல பவர் சப்ளைகள் 50 பாகை வரைதான் முழு அம்பியரைத் தரும். அதற்குமேல் ஒவ்வொரு பாகைக்கும் 2.5 சதவீதம் கழிக்கவேண்டும். 60 பாகையில் 2.5 அம்பியர் 1.9க்கு இறங்கிவிடும், 5 அம்பியர் 3.75இல் நிற்கும். சித்திரை வெயில், தகரக் கூரை, உமித்தூசுக்குப் பயந்து இறுக்கி மூடிய பெட்டி, உள்ளே மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு டிரைவ்: 60 பாகை இங்கே அதிசயமில்லை. 10 பாகை கூடினால் உள்ளிருக்கும் கொண்டென்சரின் ஆயுளும் ஏறத்தாழப் பாதியாகும். 5 அம்பியரே போடுங்கள்; டிரைவுக்கு நேர் மேலே பூட்டாமல், மேலும் கீழும் 5 சென்ரிமீற்றராவது இடம் விட்டு.

அடுத்தது உள்வரும் கரண்ட். லைன் கடைசியில் இருக்கும் ஆலையில் பெரிய மோட்டர் தொடங்கும்போது வோல்ற்றேஜ் விழும். 85 முதல் 264 வரை ஏற்கும் சப்ளை அதைத் தாங்கும். நியூட்ரல் அறுந்தால் தாங்காது; சுமை குறைந்த பேஸில் 300ஐயும் தாண்டலாம். மூன்று பேஸ் பனல் என்றால் நியூட்ரலே தேவைப்படாத 400 வோல்ட் வகைதான் என் தெரிவு. விலை கூடத்தான். 115/230 ஆளி உள்ள மலிவுச் சாமானில் ஆளி 115இல் இருப்பதைப் பார்க்காமல் 230 குடுத்தால் அந்த நிமிடமே வெடிக்கலாம்.

வயரையும் கணக்கில் எடுங்கள். 150 மீற்றர் தள்ளி வாய்க்கால் வால்வு, 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், 1 அம்பியர்: போய்வரும் 300 மீற்றரில் 3.6 வோல்ட் போய்விடும். வால்வுக்குக் கிடைப்பது 20.4, 10 சதவீதக் குறைவையே தாங்கும் கொயில் இழுக்காது. 2.5 வயர் போட்டால் 21.8 வரும், மட்டுமட்டாக. சப்ளையின் திருகாணியைத் திருகி வோல்ற்றேஜை 25க்குக் கூட்டினால் நிம்மதி.

ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பியூஸ் வேண்டும், 1 அல்லது 2 அம்பியர். C6 என்ற 6 அம்பியர் பிரேக்கர் போடுபவர்கள் உண்டு. 5 அம்பியர் சப்ளையால் அதை உடனே விழுத்தும் கரண்டைத் தரமுடியாது. ஒரு சென்சர் வயர் ஷோர்ட் ஆனாலும் முழுப் பனலும் அணையும்.

கட்டடக் குளிரூட்டி வால்வுகளில் டிசிக்குப் பதிலாக 24 வோல்ட் ஏசி (மாறுமின்னோட்டம்) வரும். அங்கே ட்ரான்ஸ்போமரின் அளவை விஏயில் (வோல்ட் தர அம்பியர்) கூட்டிப் பார்க்கவேண்டும். ஒரே ட்ரான்ஸ்போமரில் பல கொன்ட்ரோலர் என்றால் பொது வயரை எல்லாவற்றிலும் ஒரே முனையில் பூட்டுங்கள். ஒன்றில் மாறினாலும் ஷோர்ட்தான்.