மூன்றாவது கேசட், ஒரு திருகு, ஒரு கோப்பை

நேற்று இரவு பதினொன்றரைக்கு மூன்றாவது கேசட்டின் ஏ பக்கம் தெளிவாகக் கேட்டுவிட்டது. மூன்று வாரம் மல்லுக்கட்டிய கேசட். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை, அதான் உடனே எழுதுகிறேன்.

லண்டனில் என் பக்கத்து வீட்டம்மாவின் தாயார் பேசிய ஆறு கேசட்டுகளில் இது ஒன்று, அவற்றைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 1989இல் சமையலறை மேசையில் சின்ன ரெக்கார்டரை வைத்து, மகன் கேள்வி கேட்கத் தாய் பேசியிருக்கிறார். கிண்டர்டிரான்ஸ்போர்ட்டில், அதாவது நாஜிகளிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றி பிரிட்டனுக்கு அனுப்பிய ஏற்பாட்டில், வந்தவர்களை, அப்படி வந்தவர்களில் ஒருவரான பெர்தா லெவர்ட்டன் லண்டனில் ஒன்றுகூட்டிய வருஷம் அது. அங்கே போய்வந்த பிறகுதான் இந்தப் பாட்டி வாயைத் திறந்திருக்கிறார், அதற்கு முன் ஐம்பது வருஷம் பிள்ளைகளிடம்கூட ஒன்றும் சொன்னதில்லை. 1938 டிசம்பரிலிருந்து போர் மூளும்வரை சுமார் 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதப் பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லாமல் பிரிட்டனுக்கு வந்தார்கள். இவர் வியன்னாவிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்தவர். இப்போது உயிரோடு இல்லை. குரல் மட்டும் இந்த ஆறு கேசட்டில்.

கேசட்டின் ஓட்டை, அதாவது வெளிக்கூட்டை, மாற்றுகிற வேலையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். திருகு இல்லாத, ஒட்டிய ஓடு. உடைத்து, ஐந்து திருகு உள்ள வேறு ஓட்டுக்கு டேப்பை மாற்றினேன். டேப்பை ஹெட்டோடு (டேப்பைப் படிக்கும் முனையோடு) அழுத்துகிற ஃபெல்ட் துண்டு கழன்று உள்ளேயே கிடந்தது. பதிவு அழியாமலிருக்க மேலே உள்ள பிளாஸ்டிக் காதுகளை முதல் நாளே உடைத்துவிட்டேன். இதுவரை ஒரு மாலை வேலை.

மிச்ச மூன்று வாரமும் ஆசிமத்தில், அதாவது ஹெட்டின் சாய்வை ஒரு திருகால் சரிசெய்வதில், போனது. பதிந்த ரெக்கார்டரின் ஹெட் சாய்ந்திருக்கிறது, கேசட்டை ஓட்டும் என் டெக்கின் ஹெட் வேறு கோணத்தில் இருக்கிறது. விளைவு, குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஸ, ஷ, ஃப எல்லாம் ஒரே காற்று. காதை மட்டும் நம்பித் திருகினால் பத்து நிமிஷத்தில் காது பழகி ஏமாற்றிவிடும். நான் பிடித்த வழி இது: மோனோ பதிவுதானே, ஸ்டீரியோ டெக்கில் ஓடவிட்டு ஒரு சேனலைத் தலைகீழாக்கி இரண்டையும் கூட்டிக் கேட்கிறேன். கோணம் சரியாக இருக்கிற இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, குரல் கிட்டத்தட்ட மறைந்துபோகும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சேனலைப் பழையபடி வைத்தால் குரல் முகத்துக்கு நேரே வரும். திருகை எவ்வளவு நகர்த்துவது என்கிறீர்களா? கடிகாரத்தில் நிமிஷ முள் ஒரு கோடு தாண்டுகிற அளவுதான். அதிலும் ஓட்டை மாற்றியதால் டேப் நடுவழியில் சற்று ஏறி இறங்குகிறது, இருபதாவது நிமிஷத்தில் மறுபடி திருக வேண்டியிருந்தது. ஆகவே இரண்டு தடவை தனித்தனியாக எடுத்து ஒட்டியிருக்கிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், இதற்குத்தான். பாட்டி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வருவார், தன் அம்மாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஜெர்மனுக்கு மாறிவிடுவார். மகன் பிற்பாடு தட்டச்சு செய்து வைத்த தாளில், “கிளம்பும்போது அம்மா ஒரு பை கொடுத்தாள்” என்று இருக்கிறது. அடுத்த வரி, “விடுதியில் இரண்டாம் வாரமே உடைந்தது”. பை எப்படி உடையும்? அவரும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். ஜெர்மனில் ‘டாஷே’ என்றால் பை, ‘டாஸே’ என்றால் கோப்பை. நேற்று அந்த இடம் வந்தபோது ‘ஸ’ ஊசி மாதிரி கேட்டது. கோப்பை.

ஒரு சின்னப் பெட்டி, 10 மார்க், விலையுயர்ந்த சாமான் எதுவும் கூடாது, இதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த விதி. அந்தப் பெட்டியில் ஒரு கோப்பைக்கு இடம் பண்ணியிருக்கிறார் அந்தத் தாய்.

பக்கத்து வீட்டம்மாவை இன்று காலை கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். ஹெட்போனைக் கழற்றாமல் நான்கு தடவை கேட்டார். அப்புறம் அண்ணனின் தாளை எடுத்து, ‘பை’யை அடித்து மேலே பென்சிலால் ‘கோப்பை’ என்று எழுதினார். கேள்விக்குறியை ரப்பரால் அழித்தார்.

அந்த வரிக்குப் பிறகு பாட்டி பதினோரு விநாடி பேசவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரமும், மூச்சும் மட்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், ரீங்காரத்தோடு மூச்சையும் சேர்த்துத் தின்றுவிட்டது. என் கட்சி தெளிவு: மூலக் கோப்பில் கைவைக்கவே கூடாது, மௌனத்தை வெட்டவும் கூடாது. கணினிப் பதிவின் தரம் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு கேசட்டுக்கு 3 ஜிபி சொச்சம். மூன்று வட்டுகளில், இரண்டு வீடுகளில் வைக்கிறோம்.

ஃபெல்ட் துண்டு வாங்குபவர்கள் ஒன்று கவனியுங்கள். இணையத்தில் மலிவாக நூறு துண்டு வாங்கினேன், பசை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பழைய நல்ல கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்துப் பொருத்துவதே மேல். கேசட் வேலை முடிந்ததும் வீட்டிலுள்ள கடிதங்களை என்ன செய்வது என்று, யூத இனப்படுகொலை ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் வீனர் ஹோலோகாஸ்ட் நூலகத்தில் கேட்கலாம் என்றிருக்கிறோம், ரஸ்ஸல் சதுக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் பி பக்கமே இன்னும் பாக்கி, அதற்குத் திருகை முதலிலிருந்து வைக்க வேண்டும்.

நான்காவது கேசட் வேறு போட்டவுடன் கிறீச்சிடுகிறது. ஓட்டை மாற்றியும் நிற்கவில்லை, டேப்பிலேயே ஏதோ ஒட்டுகிறது. அதில்தான் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வியன்னாவிலிருந்து தன் அம்மா அனுப்பிய செய்திகளைப் பாட்டி வாசிக்கிறாராம். ஒரு செய்திக்கு 25 சொல்தான் அனுமதி. 1941 அக்டோபர், நவம்பரில் வியன்னாவிலிருந்து ஐந்து ரயில்களில் சுமார் 5,000 யூதர்களை நாஜிகள் போலந்தில் யூதர்களை அடைத்துவைத்த லோட்ஸ் கெட்டோவுக்கு அனுப்பினார்கள், அதில் ஒன்றில் அந்த அம்மாவும் போனார். செய்திகளின் தாள்கள் வீட்டில் இல்லை, எப்போது தொலைந்தன என்று யாருக்கும் தெரியவில்லை. கேசட்டில் மட்டும்தான் இருக்கின்றன. கிறீச்சிடும் டேப்பை யாராவது சரிசெய்திருந்தால் எப்படி என்று எழுதுங்கள், அதுவரை நான் அதை டெக்கில் போடப்போவதில்லை.