ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவதால் பயன் உண்டா?

வங்கி தவறு செய்தது என்று உறுதியாகத் தெரிந்தும், "அவர்களை எதிர்த்து நம்மால் என்ன செய்ய முடியும்" என்று விட்டுவிடுகிறவர்களே நம்மில் அதிகம். வங்கிகள் மீதான வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) முறையிடுவது வீண் வேலை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயன் நிச்சயமாக உண்டு. ஆனால் அது பெரும்பாலும் குறைதீர்ப்பாளருக்கு எழுதும்போது அல்ல, அதற்கு முன் வங்கிக்கே எழுதும் கடிதத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

தனித்தனியாக இருந்த மூன்று திட்டங்களை இணைத்து, 2021 நவம்பரில் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, சொல்லப்போனால் வழக்கறிஞர் மூலம் மனுச் செய்யவே அதில் இடமில்லை. ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்துமூலம் புகார் தந்திருக்க வேண்டும். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோதான் அடுத்த கதவு திறக்கும். கிளைக்குப் பலமுறை நடந்தோம், மேலாளரிடம் நேரில் சொன்னோம் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. புகார் எண்ணோ, கிளை முத்திரையிட்ட ஒப்புகையோ கையில் இல்லாத மனு, உள்ளே இருக்கும் நியாயம் பார்க்கப்படாமலேயே திரும்பி வரக்கூடும்.

என் அத்தை வீட்டுக் கடனை முழுவதும் அடைத்த பிறகும், அவருடைய வங்கி மூலப்பத்திரத்தைத் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. மத்திய அலுவலகத்திலிருந்து வர வேண்டும் என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில். கடன் அடைந்த 30 நாட்களுக்குள் சொத்து ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. வயதானவரை அலைக்கழிக்கிறீர்களே என்ற வருத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கடன் அடைந்த தேதி, இந்த விதி, அதன்படி சேர்ந்திருக்கும் தொகை ஆகியவற்றை மட்டும் வைத்து வங்கிக்கு எழுதினோம். பதில் வராததால் அதே கடிதத்தை இணைத்துக் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்தோம். வங்கியிடம் விளக்கம் கேட்கப்பட்ட பிறகு, தீர்ப்பு என்று ஒன்று எழுதப்படுவதற்கு முன்னரே பத்திரமும் வந்தது, இழப்பீடும் கணக்கில் ஏறியது.

இதே போல நாள் கணக்கோடு எழுதப்பட்ட விதிகள் இன்னும் பல உள்ளன. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், அடுத்த 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும். வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ தவறில்லாத மோசடிப் பரிவர்த்தனையை, அது பற்றி வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால், 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி வாடிக்கையாளருக்கு இழப்பு எதுவும் இல்லை. பொறுப்பு அவருடையது என்று நிரூபிக்க வேண்டிய கடமையும் வங்கியையே சேரும். ஓடிபியைத் தாமே சொல்லிவிட்டவர்களின் நிலை வேறு: புகார் தெரிவிக்கும் வரை போன பணம் அவர்கள் தலையில்தான் விழும்.

கடன் தர மறுத்தது போன்ற வணிக முடிவுகளில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தால்தான் உண்மை தெரியும் என்ற நிலையிலுள்ள தகராறுகளுக்கும் அது பொருத்தமான இடமன்று. 2021ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, ஏற்பட்ட இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், நேர விரயம், மன உளைச்சல் முதலியவற்றுக்குத் தனியாக 1 லட்சம் ரூபாய் வரையும் இழப்பீடு வழங்க முடியும். இந்த இரண்டாவது தொகையைப் பலர் கேட்பதே இல்லை. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால், அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே விதி தெளிவாக மீறப்பட்டிருக்கும் விஷயங்களில் முதலில் அவரிடம் செல்வதே சரி என்பது என் கருத்து. ஆனால் ஆணையத்தை அணுகுவதற்கான 2 ஆண்டுக் கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுவதால், வங்கிக்கான முதல் கடிதத்தைத் தள்ளிப்போடாமல் உடனே எழுதிவிட வேண்டும்.