இரண்டு முறை வரவு வைத்த நடை

2025 ஜூன் 1, ஞாயிறு

காலையில் எடை 72.0. மூன்று வாரத்துக்கு முன்னால் பார்த்ததும் இதே 72.0 தான். எடை குறைக்க, இந்த மூன்று வாரமும் சாப்பிட்டதை ஒன்று விடாமல், போனில் கலோரிக் கணக்கு வைக்கும் ஆப்பில் ஏற்றினேன். வாரத்தில் ஆறு நாள், கோவை ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று நடந்தேன். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், ஆக ஐந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம்.

ஆப்பில் நிகர கலோரி என்று ஒரு எண் வரும். சாப்பிட்டதிலிருந்து உடற்பயிற்சியில் செலவானதைக் கழித்தால் மிஞ்சுவது. அது தினமும் பச்சை நிறத்தில், இலக்குக்குள்தான் இருந்தது.

மில் அலுவலகத்தில் பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். புத்தகத்தில் கையிருப்பு இருந்து, பெட்டியில் பணம் இல்லையென்றால், எங்கோ ஒரு பதிவு தப்பாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடத்தான் இந்தக் குறிப்பு. இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கும் உதவட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

முதல் தப்பு கிடைத்துவிட்டது.

சும்மா இருந்தாலே உடம்பு எவ்வளவு செலவழிக்கும் என்பதற்கு மிஃப்லின்–செயின்ட் ஜியோர் என்றொரு சூத்திரம், 1990இல் வந்தது. பெண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, அப்புறம் 161ஐயும் கழி. 72 கிலோ, 158 சென்டிமீட்டர், 41 வயது. எனக்கு 1342 வருகிறது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் அதை 1.2ஆல் பெருக்க வேண்டும்: 1610. லேசான உழைப்பு உண்டு என்றால் 1.375ஆல்: 1845.

ஆப்பைத் தொடங்கிய அன்று 'லேசான உழைப்பு' என்பதைத்தான் தொட்டிருக்கிறேன். காலையில் நடக்கிறேனே என்று நினைத்தேன். வாரம் கால் கிலோ குறைய நாளுக்கு 275 பற்றாக்குறை (1 கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்பது கணக்கு), ஆகவே இலக்கு 1570 என்று வந்தது. அந்த 1570க்குள்ளேயே என் நடை இருக்கிறது. அதற்கு மேல் வாட்ச், நடந்ததற்கு 340 என்று தனியாகச் சேர்த்தது. 1910 வரை சாப்பிடலாம் என்றது ஆப், நானும் 1850 வரை சாப்பிட்டேன். ஒரே ரசீதை இரண்டு முறை வரவு வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

அந்த 340ஐயும் நம்ப முடியவில்லை. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடை என்றால் ஓய்வில் இருப்பதைப் போலச் சுமார் மூன்றரை மடங்கு செலவு. ஓய்வில் கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி என்று வைத்தால், 72 கிலோவுக்கு 252. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் 70க்குப் பக்கம் செலவாகியிருக்கும், அது ஏற்கெனவே 1610இல் இருக்கிறது. நடந்ததால் கூடுதலாகப் போனது 180தான்.

2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. கலோரியில் மட்டும், மிக நன்றாகக் காட்டிய கருவியிலேயே சராசரியாக 27 சதவீதம் பிழை, மோசமானதில் 93 சதவீதம். துடிப்பைப் பார்க்க வாட்ச் போதும். சாப்பாட்டுக் கணக்கில் இனி அதன் எண்ணைச் சேர்க்க மாட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

தோசைக்கு ஊற்றும் எண்ணெயை நான் இதுவரை எழுதியதே இல்லை. இன்று எண்ணெய்க் கிண்ணத்தை, கரண்டியோடு சேர்த்துத் தராசில் வைத்தேன். 412 கிராம். எப்போதும் போல மூன்று தோசை சுட்டேன். சுற்றிலும் ஒரு வளையம், நடுவில் கொஞ்சம், திருப்பிப் போட்டதும் ஓரத்தில் இரண்டு சொட்டு. மறுபடி வைத்தால் 391.

அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, எண்ணெயக் கூடவா எடை போடுவாங்க?"

"ஆமாங்க அத்தை. இந்த மூணு தோசைக்கு இருபத்தொரு கிராம் போயிருக்குதுங்க."

கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. 21 கிராம் என்றால் 189. விடியற்காலையில் எழுந்து, வேர்க்க வேர்க்க ஐந்து கிலோமீட்டர் நடந்ததற்கு 180. அடுப்படியில் நின்றபடியே மறுபடி கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. மனசு கொஞ்சம் கனத்துப் போனது.

ஜூன் 13, வெள்ளி

இந்த வாரம் எதிர்ப்பக்கத் தப்பைச் செய்தேன். பழைய கணக்கைச் சரிக்கட்டும் வேகத்தில் நேற்று 1150 மட்டும் சாப்பிட்டு, மூன்று சுற்று நடந்தேன். நடைக்கு 270. நிகரம் 880. சும்மா படுத்திருந்தாலே 1342 கேட்கும் உடம்பு இது. சாயங்காலம் நான்கு மணிக்குப் பேரேட்டில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இரவு பசி தாங்காமல் கடலை உருண்டை நான்கு தின்றேன்.

ஆக, நிகர கலோரி என்ற எண்ணுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. அதிகம் நடந்த நாளில் சாப்பாடு எவ்வளவு இறங்கிவிட்டது என்று எச்சரிக்கும். அந்த எண் மிகக் குறைவாக இருந்தால் யாரும் சந்தோஷப்படக் கூடாது. மயக்கம் வந்தால் கணக்கை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஜூன் 17, செவ்வாய்

வழி இரண்டுதான். ஒன்று: உழைப்பு 'உட்கார்ந்த வேலை' என்று வைத்து, 1335 இலக்கு, நடந்த நாளில் மட்டும் 180 சேர்த்துச் சாப்பிடலாம். இரண்டு: நடையை வாரம் முழுக்கப் பரப்பி முதலிலேயே இலக்கில் சேர்த்துவிட்டு, அப்புறம் உடற்பயிற்சி என்று எதையுமே ஆப்பில் எழுதாமல் விடுவது. எது வேண்டுமானாலும் சரி, இரண்டையும் கலக்கக் கூடாது.

எனக்கு இரண்டாவது. 1610, அதோடு நடைக்குத் தினம் 154, அதில் 275 போனால் சுமார் 1490. மழை வந்து நடை தவறினாலும் அதே 1490தான். "இன்னும் எவ்வளவு பாக்கி" என்று சாயங்காலம் வாட்சைப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, அதனாலும்தான்.

ஜூன் 22, ஞாயிறு

தான்சானியாவின் ஹட்சா மக்களைப் பற்றிப் படித்தேன். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறவர்கள், தினமும் பல மைல் நடப்பவர்கள். மானுடவியல் ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு அவர்களுடைய மொத்தக் கலோரிச் செலவை அளந்து 2012இல் வெளியிட்டது. உடல் அளவைச் சரிசெய்து பார்த்தால், மேற்கத்திய நகரவாசிகளின் செலவிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. உழைப்பு கூடினால் உடம்பு வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம்.

படித்ததும் நடையை விட்டுவிடலாமா என்று தோன்றவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, எனக்கும் வரலாம். நடந்த நாளில் இரவு படுத்ததும் தூக்கம் வருகிறது. இந்த இரண்டும் போதும் எனக்கு, நடந்த அன்று 180க்கு ஈடாகத் தனியாக எதையும் சாப்பிட வேண்டியதில்லை.

ஜூன் 28, சனி

நேற்று கல்யாண விருந்து. வடை, அடைப் பிரதமன், எல்லாம். இன்று 72.6, முந்தாநாளைவிட 1.1 கிலோ கூடுதல். அத்தனையும் கொழுப்பாக இருக்க, தேவைக்கு மேல் எட்டாயிரத்துக்கும் அதிகமான கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு இலையில் அது நடக்காது. உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர்தான் பெரும்பங்கு. வாரச் சராசரியைத்தான் பார்ப்பேன்.

ஜூலை 6, ஞாயிறு

வாரச் சராசரிகள்: ஜூன் 8இல் 72.0, அப்புறம் 71.8, 71.5, கல்யாண வாரம் 71.6, இன்று 71.2.

நான்கு வாரத்தில் 0.8 கிலோ. 7700ஆல் பெருக்கினால் 6160, இருபத்தெட்டு நாளுக்கு வகுத்தால் 220. நான் போட்ட பற்றாக்குறை 275. இன்னும் 55 கலோரி எழுதாமல் எங்கோ போகிறது. எண்ணெய் என்றால் ஆறு கிராம், ஒரு தாளிப்பு அளவு. நாளையிலிருந்து சட்னிக்குத் தாளிக்கும் கரண்டியையும் தராசில் வைக்கிறேன். கிண்ணத்தை அத்தை இப்போதே தராசுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறார்.