வியன்னா: நிற்க ஒரு சீட்டு, உட்கார ஒரு நாற்காலி

7 அக்டோபர் 2024, திங்கள்

வியன்னாவில் திங்கட்கிழமை வந்து இறங்கினால் பாதி நாள் மூடிய கதவுகளைப் பார்ப்பதில் போய்விடும். கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இந்த மாதங்களில் திங்கள் விடுமுறை. செசெஷன் என்ற கண்காட்சி மண்டபமும் அப்படியே. ஆல்பர்ட்டினா, மேல் பெல்வெடேர் என்ற கலைக்கூடங்களை எல்லா நாளும் திறப்பார்கள். 19 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு அருங்காட்சியகங்கள் எல்லாமே இலவசம். பிள்ளைகளோடு வருபவர்கள் நகரச் சலுகை அட்டை வாங்குமுன் இதைக் கணக்கில் எடுங்கள், பல குடும்பங்களுக்கு அட்டை நஷ்டம்தான்.

மூடிய நாளுக்குத் தோதான இடம் காபி ஹவுஸ். 'காபி' என்று மட்டும் கேட்டால் பரிமாறுபவர் எதைக் கொடுப்பது என்று நிற்பார். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மெலாஞ்ச் என்றால் காபியும் சூடான பாலும், மேலே நுரை. பிரவுனர் என்றால் கறுப்புக் காபி, பால் தனிச் சின்னக் குவளையில் வரும். சிறியது, பெரியது என்று இரண்டு அளவு. ஃபெர்லெங்கர்டர் என்றால் வெந்நீர் விட்டு நீட்டியது. ஐன்ஷ்பெனர் கண்ணாடி டம்ளரில் வரும், கறுப்புக் காபிக்கு மேல் அடித்த கிரீம் மூடி போட்டாற்போல் நிற்கும். ஒற்றைக் குதிரை வண்டியின் பெயர் அது. ஒரு கையில் கடிவாளம் பிடித்து வண்டியில் காத்திருப்பவனுக்குக் காபி ஆறாமல் இருக்கத்தான் கிரீம். அதைக் கலக்கிவிட்டால் காரியம் கெட்டது: குளிர்ந்த கிரீம் வழியாகச் சூடான காபியை உறிஞ்ச வேண்டும்.

எதைக் கேட்டாலும் சின்ன உலோகத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்ந்து வரும், அதன் வாயில் கரண்டி குப்புறக் கிடக்கும். குழாய்த் தண்ணீர்தான். 1873 முதல் மலை ஊற்றிலிருந்து நேரே கொண்டுவரும் தண்ணீர், காசு கொடுத்து பாட்டில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. காபி தீர்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். மரச்சட்டத்தில் மாட்டிய செய்தித்தாளோடு இரண்டு மணி நேரம் உட்காரலாம். பில்லும் தானாக வராது, கேட்டால்தான் வரும். அதைப் புறக்கணிப்பு என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம், அதுதான் அங்கே மரியாதை. டிப்ஸை மேசையில் விட்டுவிட்டுப் போகாமல், பணம் கொடுக்கும்போதே கூட்டிச் சொல்லுங்கள்: 9.20 என்றால் 'பத்து'.

8 அக்டோபர், செவ்வாய்

அரசு ஓபரா, அதாவது பாட்டாலேயே நடத்தும் நாடகங்களுக்கான அரங்கம். நல்ல இருக்கை 200 யூரோவைத் தாண்டும். நிற்கும் சீட்டு 20 யூரோவுக்குள் முடிந்துவிடும். பலர் இதை ஏழைகளின் வாசல் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். நகரத்தின் மிகக் கறாரான ரசிகர்கள் நிற்பது அங்கேதான்.

மூன்று இடங்கள் உண்டு: பார்டெர் என்ற தரைத்தளம், பால்கனி, உச்சியில் காலரி. தரைத்தளம் நடுப் பெட்டிக்கு நேர் கீழே இருக்கிறது, மேடை முழுதாகத் தெரியும். மேலே ஒலி பிரமாதம். ஆனால் ஓரத்துக்குத் தள்ளப்பட்டால் மேடையில் பாதி காணாமல் போகும். சீட்டு அன்றைய நிகழ்ச்சிக்கு அன்றைக்குத்தான். விற்கும் நேரத்தை முந்தின நாள் ஓபராவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பருவத்துக்குப் பருவம் மாற்றுகிறார்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை, நிற்கும் இடத்துக்கு முன்னால் உள்ள கம்பியில் ஒரு துப்பட்டாவையோ கைக்குட்டையையோ கட்டுவது. கட்டிய இடம் உங்களுடையது. அதன் பிறகு வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். பையைப் போட்டு இடம் பிடிக்க முடியாது. கோட்டு, குடை, முதுகுப்பை மூன்றையும் உடை அறையில் கொடுத்தாக வேண்டும். கழுத்தில் துணி இல்லாமல் போகிறவர் உடை அறையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, கம்பிக்கு முன் கட்ட ஒன்றுமில்லாமல் முழிப்பார். கம்பியிலேயே சின்னத் திரை இருக்கிறது, பாட்டின் வரிகள் ஓடும், மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

நிற்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முட்டியை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நின்றால் இரண்டாம் மணி நேரத்தில் தலை சுற்றும். முட்டியை லேசாகத் தளர்த்தி, எடையைக் கால் மாற்றிக் கால் கொடுங்கள். தட்டையான செருப்பு வேண்டும். இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா என்றால் இடைவேளையோடு ஐந்து மணி நேரம் ஆகலாம், அதை முதல் அனுபவமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மோட்சார்ட்டிலோ புச்சினியிலோ தொடங்குங்கள். தாமதமாக வந்தால் இடைவேளை வரை கதவு திறக்காது. கைதட்டலில் ஒரு விசேஷம்: வாக்னரின் 'பார்சிஃபால்' முதல் அங்கம் முடிந்ததும் இங்கே தட்டுவதில்லை என்பது பழைய வழக்கம். தெரியாமல் தட்டினால் நாலு பக்கமிருந்தும் 'ஷ்' வரும்.

இந்தக் கட்டடம் 1869இல் மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி'யோடு திறந்தது. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்து, 1955 நவம்பரில் பீத்தோவனின் 'ஃபிடேலியோ'வோடு மறுபடி திறந்தது. மேடைக்கு முன்னால் குழியில் வாசிக்கும் இசைக்குழுவிலிருந்துதான் வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்ற கச்சேரிக் குழு ஆள் எடுக்கிறது. இங்கே மூன்று வருஷம் வாசித்தால்தான் அங்கே விண்ணப்பிக்கவே முடியும்.

வாசலில் பதினெட்டாம் நூற்றாண்டு விக்கும் சிவப்புக் கோட்டும் போட்டு சீட்டு விற்பவர்கள் ஓபரா ஊழியர்கள் இல்லை. அவர்கள் விற்பது வேறு மண்டபங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கும் கச்சேரி. கையில் வாங்கியதும் மண்டபத்தின் பெயரைப் படியுங்கள்.

9 அக்டோபர், புதன்

சாப்பாடு. வீனர் ஷ்னிட்செல் என்று மெனுவில் இருந்தால் சட்டப்படி அது கன்றுக்குட்டி இறைச்சி. பன்றி என்றால் அதை எழுதியாக வேண்டும். விலையிலேயே வித்தியாசம் தெரியும்.

சமைக்கும் முறை எளிது, கெடுப்பதும் எளிது. இறைச்சியை 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, உப்புப் போட்டு, மைதா, முட்டை, ரொட்டித்தூள் என்ற வரிசையில் புரட்டுவார்கள். முட்டையை முள்கரண்டியால் லேசாகத்தான் கலக்க வேண்டும். தூளை உள்ளங்கையால் அழுத்தக் கூடாது, அழுத்தினால் மேலோடு இறைச்சியோடு ஒட்டிக்கொள்ளும். புரட்டிய கையோடு, மிதக்கும் அளவு கொழுப்பில், சுமார் 170 டிகிரியில் போட்டு, வாணலியை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். சூடான கொழுப்பு மேலே அலையடித்து, உள்ளே கிளம்பும் நீராவி மேலோட்டைப் பிரித்து உப்பவைக்கும். அதனால் நல்ல ஷ்னிட்செலின் மேல்பக்கம் சுருக்கம் சுருக்கமாக அலை அலையாக இருக்கும், கத்தியை வைத்தால் ஓடு தனியே நகரும். தட்டையாக, பலகைபோல் வந்தால் அழுத்திவிட்டார்கள் அல்லது புரட்டிக் காயவைத்துவிட்டார்கள். எண்ணெய் கசிந்தால் சூடு போதவில்லை. கூட எலுமிச்சைதான், குழம்பு ஊற்றுவதில்லை.

சைவர்களுக்கு இந்த ஊரில் பொறி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஃப்ரிட்டாட்டன் சூப்பில் மிதப்பது தோசை மாதிரி ஊற்றி நறுக்கிய மாவுக் கீற்று, ஆனால் சாறு மாட்டு எலும்பு. உருளைக்கிழங்கு சாலட்டிலும் பெரும்பாலும் மாட்டுச்சாறு விடுவார்கள், மயோனைஸ் இல்லையே என்று நம்பிவிடக் கூடாது. 'ஷ்பெக்' என்ற சொல் எங்கே வந்தாலும் பன்றி. நம்பிக் கேட்கக்கூடியவை: மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்த காஸ்நூடல்ன், முட்டை சாப்பிடுபவர்களுக்கு மாவு உருண்டையோடு முட்டை சேர்த்த ஐயர்நொக்கர்ல். கைசர்ஷ்மாரன் சொன்னால் ஒரு வேளைச் சாப்பாடே முடிந்தது. தடித்த இனிப்பு அடையை வாணலியிலேயே பிய்த்துப் போட்டு, பிளம்ஸ் பழக் கூழோடு தருவார்கள். புதிதாகச் செய்தால் 20 நிமிடமாவது ஆகும். ஐந்து நிமிடத்தில் வந்தால் சுடவைத்தது.

10 அக்டோபர், வியாழன்

கலை வரலாற்று அருங்காட்சியகம் வியாழன் மட்டும் இரவு 9 மணி வரை. பகல் கூட்டம் ஆறு மணிக்குக் கலைந்துவிடும், அதன் பிறகு உள்ளே போவது நல்லது. மாடிப்படியில் ஏறும்போது நிமிர்ந்து பாருங்கள், தூண்களுக்கு இடையில் உள்ள சுவரோவியங்களில் சில ஓவியர் கிளிம்ட் இளவயதில் வரைந்தவை. தொலைநோக்கி இருந்தால் உதவும்.

மற்றதெல்லாம் விட்டாலும் பத்தாம் கூடத்தை விடாதீர்கள். பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகலின் எஞ்சிய ஓவியங்கள் உலகம் முழுக்கச் சுமார் நாற்பது. அதில் பன்னிரண்டு இங்கே. பன்னிரண்டையும் சுற்றிவருவதைவிட இரண்டின் முன் அரை அரை மணி நேரம் நிற்பது லாபம்.

'பனியில் வேட்டைக்காரர்கள்', 1565, ஓக் பலகை, 162 சென்டிமீட்டர் அகலம். முதலில் தூரத்தில் நின்று மரங்கள் கண்ணை எப்படிப் பள்ளத்தாக்குக்குள் இறக்குகின்றன என்று பாருங்கள். பிறகு கிட்டே வாருங்கள். மூன்று பேர், நாய்ப் பட்டாளம், வேட்டையோ ஈட்டி முனையில் தொங்கும் ஒரே ஒரு நரி. நாய்களின் தலை தொங்கியிருக்கிறது. இடப்பக்கம் சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று ஒருக்களித்துத் தொங்குகிறது. அதன் கீழே வைக்கோல் தீ. பாலத்தில் விறகுக் கட்டோடு ஒருத்தி. தூரத்தில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்து, ஏணியோடு ஆட்கள் ஓடுகிறார்கள். பனிக்கட்டியில் சறுக்கி விளையாடுபவர்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புரூகல் வாழ்ந்த பிளாண்டர்ஸில் மலையே கிடையாது. அந்தச் சிகரங்கள் இத்தாலிப் பயணத்தில் ஆல்ப்ஸைக் கடந்தபோது மனதில் ஏறியவை. மாதங்களைக் குறித்த தொடரில் ஐந்து மிஞ்சின: மூன்று இங்கே, ஒன்று பிராகில், ஒன்று நியூயார்க்கில்.

'விவசாயிகளின் கல்யாணம்' ஓவியத்தில் கஞ்சித் தட்டுகள் வருவது கழற்றிய கதவில். அதைச் சுமந்துவரும் இடத்தில் கால்களை எண்ணுங்கள், ஒன்று கூடும். பேக்பைப் ஊதுபவன் ஊதுவதை மறந்து கஞ்சியைப் பார்க்கிறான். மாப்பிள்ளை யார் என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை.

வார்னிஷில் விளக்கு மினுங்கினால் ஒரு அடி பக்கவாட்டில் நகருங்கள். விரலை நீட்டிச் சுட்டினால் காவலர் வந்துவிடுவார்.

11 அக்டோபர், வெள்ளி

கிளிம்டின் 'முத்தம்' மேல் பெல்வெடேரில். நேரம் குறித்த சீட்டு, காலை முதல் நேரத்தை எடுங்கள். செசெஷனின் நிலவறையில் இருக்கும் அவருடைய பீத்தோவன் சுவரோவியம் 34 மீட்டர் நீளம். 1902இல் ஒரே ஒரு கண்காட்சிக்காக வரைந்தது. முடிந்ததும் பிய்த்துவிடுவார்கள் என்பதால் நாணல் பாயின் மேல் பூசிய மலிவான சாந்தில் தீட்டினார். தங்கத் தகடும் முத்துச்சிப்பியும் அதன் மேல்தான் ஒட்டியிருக்கின்றன. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள். கூட்டமும் குறைவு.

12 அக்டோபர், சனி

காலையில் நாஷ்மார்க்ட் என்ற காய்கறிச் சந்தையின் ஓரத்தில் பழம்பொருள் சந்தை. நல்ல சாமான் எட்டு மணிக்குள் போய்விடும். சாயங்காலம் ஹொய்ரிகர், அதாவது விளைவித்தவரே தன் திராட்சை மதுவை விற்கும் இடம். 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் கொடுத்த அனுமதி. வாசலில் பைன் கிளைக் கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். சில இடங்கள் வருஷத்தில் சில வாரங்களே திறக்கும், முன்பே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 31ஆம் எண் டிராமில் ஸ்டாமர்ஸ்டார்ஃப் கடைசி நிறுத்தம். ஹொய்ரிகர்களுக்குப் பேர்போன கிரின்ட்சிங் பகுதியைவிட அங்கே சுற்றுலா பஸ் கூட்டம் குறைவு. மதுவை மேசைக்குக் கொண்டுவருவார்கள், சாப்பாட்டை நீங்களே எழுந்துபோய் எடுத்து வர வேண்டும். கேட்க வேண்டியது கெமிஷ்டர் சாட்ஸ்: ஒரே தோட்டத்தில் கலந்து நட்ட பல வகைத் திராட்சையைச் சேர்த்துப் பறித்துச் செய்தது. கால் லிட்டர் அளவில் வரும். அதிகம் வேண்டாம் என்றால் சோடா கலந்த க்ஷ்ப்ரிட்ஸ்டர்.

இப்போது ஷ்டுர்ம் பருவம், இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் கலங்கிய சாறு. பழரசம்போல் இனித்து ஏமாற்றும், போதை பின்னால் வரும். பாட்டில் வாங்கினால் படுக்கவைக்காதீர்கள். வாயு வெளியேறுவதற்காக மூடியை இறுக்குவதில்லை. பையில் சாய்ந்தால் துணியெல்லாம் போச்சு.

13 அக்டோபர், ஞாயிறு

கடைகள் மூடல்; பெரிய ரயில் நிலையங்களில் மட்டும் சூப்பர் மார்க்கெட் உண்டு. ஹோஃப்பர்க் அரண்மனைத் தேவாலயத்தில் காலை 9.15 பூசையில் வியன்னா சிறுவர் குழு பாடும். உட்காரக் காசு, நிற்க இலவசம். பையன்கள் மேல் மாடத்தில் இருப்பதால் குரல்தான் கேட்கும், ஆள் தெரியாது. கார்ல்ஸ்பிளாட்ஸில் உள்ள வியன்னா அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சியும் இலவசம்.

ஆல்பர்ட்டினாவுக்கு ஓவியர் டியூரரின் முயல் படத்தைத் தேடிப் போகிறவர்கள் கவனிக்க: 1502ஆம் வருஷத்து நீர்வண்ணம், காகிதம் வெளிச்சம் தாங்காது, அதனால் வருஷக்கணக்கில் இருட்டில் வைத்திருப்பார்கள். சுவரில் இருப்பது பெரும்பாலும் நகல்தான். நகலிலும் முயலின் கண்ணைக் குனிந்து பாருங்கள். கறுப்பு விழியில் வெள்ளையாகச் சின்ன ஜன்னல், நடுவில் சட்டம் வரை தெரியும்.