ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சட்டம் நமக்கும் வேண்டும்

2025 அக்டோபர் 1-ஆம் தேதி மேரிலாண்டில் ஒரு தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான் இருப்பது பொட்டோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கம், வடக்கு வர்ஜீனியாவில், அதனால் அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது. தினமும் பாலத்தைத் தாண்டி மேரிலாண்டுக்கு வேலைக்குப் போய் வருகிற நம் ஆட்களுக்கும் பொருந்தாது, எங்கே குடியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு. அமெரிக்கா முழுவதற்குமான பொதுவான தனியுரிமைச் சட்டம் ஒன்று இன்று வரை கிடையாது. மருத்துவத் தகவலுக்கு 1996-இல் வந்த ஹிப்பா, பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு 1998-இல் வந்த காப்பா, வங்கிகளுக்கு 1999-இல் வந்த ஒன்று என்று துறை துறையாகத்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் நீங்கள் எந்த மாநிலத்தில் வாடகை கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மேரிலாண்ட் சட்டம் என்ன சொல்கிறது? வாடிக்கையாளர் கேட்ட சேவையைத் தர எது நியாயமாகத் தேவையோ அதை மட்டும் வாங்கு என்கிறது. உடல்நலம், மதம், இனம், குடியேற்ற நிலை, ஆள் இருக்கும் துல்லியமான இடம் போன்ற தகவல்களை விற்கக் கூடாது, அவர் 'சரி' பட்டனை அழுத்தியிருந்தாலும் விற்கக் கூடாது. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்ததே அந்தக் கடைசிப் பகுதிதான், ஏனென்றால் அந்த 'சரி' பட்டனை நாம் எப்படி அழுத்துகிறோம் என்று நமக்கே தெரியும். அவசரமாக ஒரு பில் கட்ட வேண்டும், திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நிற்கிறது, அதை விலக்கினால்தான் அடுத்த வேலை நடக்கும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஒருவருடைய மருத்துவ விஷயத்தை மூன்றாம் ஆளுக்கு விற்பது அநியாயம்.

வர்ஜீனியாவுக்கும் சட்டம் இருக்கிறது. சொல்லப்போனால் கலிஃபோர்னியாவுக்கு அடுத்து விரிவான சட்டம் போட்ட இரண்டாவது மாநிலம் நாம்தான், 2021 மார்ச்சில் கையெழுத்தாகி 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது. தகவலைப் பணத்துக்குக் கொடுத்தால் மட்டும்தான் இந்தச் சட்டத்தில் அது விற்பனை. பணத்துக்குப் பதிலாக வேறு சலுகைக்குத் தகவலைக் கைமாற்றினால் விற்பனைக் கணக்கில் வராது. கலிஃபோர்னியாவில் அதுவும் விற்பனைதான். நிறுவனம் சட்டத்தை மீறினால் உங்களால் வழக்குப் போட முடியாது, மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் மட்டும்தான் போடலாம், அவரும் முதலில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் சரிசெய்துவிட்டோம், இனி மீற மாட்டோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. இந்த மசோதாவை அறிமுகப்படுத்திய செனட்டரிடம் அதன் முதல் வரைவைக் கொடுத்ததே, அமேசானுக்காகச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டும் லாபி ஆள்தான் என்று அந்த வருடமே பத்திரிகைகளில் செய்தி வந்தது. அப்புறம் இதே அச்சில் மாநிலம் மாநிலமாக மசோதாக்கள் வந்தன. 'எபிக்' என்ற தனியுரிமை அமைப்பும் யூ.எஸ். பிர்க் என்ற நுகர்வோர் அமைப்பும் சேர்ந்து இந்தச் சட்டங்களுக்கு மார்க் போடுகிறார்கள். 2024-இல் போட்டபோது ஒரு மாநிலம்கூட 'ஏ' வாங்கவில்லை, ஏறக்குறைய பாதி மாநிலங்கள் 'எஃப்'.

இதெல்லாம் சட்டப் புத்தக விஷயம் என்று தோன்றலாம். ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள். ஆட்களைத் தேடித் தரும் தளங்கள் ஏகப்பட்டவை இருக்கின்றன, அதில் ஏதாவது ஒன்றில் உங்கள் பெயரையும் ஊரையும் போடுங்கள். நான் போட்டபோது என் வயது, படிக்கும்போது நான்கு பேரோடு பங்கு போட்டு இருந்த அபார்ட்மென்ட்டின் எண் வரைக்கும் பழைய முகவரிகள், ஒரு பழைய போன் நம்பர், 'உறவினர்கள்' என்ற தலைப்பின் கீழ் என் மனைவி, விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து இருந்துவிட்டுப் போன மாமனார் என்று எல்லாமே வரிசையாக இருந்தது. நம் வீடுகளில் ஆளுக்கொரு கடைசிப் பெயர், ஏனென்றால் அப்பா பெயரைத்தானே அங்கே போடுகிறோம். அதையும் மீறிக் குடும்பத்தைச் சரியாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். என் பெயரும் அப்பா பெயரும் முன்பின்னாக மாறி நான் இரண்டு ஆளாக வேறு பதிவாகியிருந்தேன், அதனால் நீக்கச் சொல்லும் படிவத்தை இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருந்தது. அந்தப் படிவம் என் இப்போதைய மின்னஞ்சலையும் போன் நம்பரையும் கேட்டது. நீக்கினார்கள். சில மாதம் கழித்துத் தேடினால் வேறொரு பதிவாகத் திரும்ப வந்திருக்கிறது. வர்ஜீனியா சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம் என்றால், பொதுவில் கிடைக்கும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. சொத்துப் பதிவேடு, நீதிமன்றப் பதிவேடு ஆகியவற்றிலிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பொதுத் தகவல்தான், மறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கோத்துச் சில டாலருக்கு யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பதுதான் ஆபத்து. 2020 ஜூலையில் நியூ ஜெர்சியில் ஒரு பெண் நீதிபதியின் வீட்டு முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து வந்த ஒருவன் கதவைத் திறந்த அவருடைய மகனைச் சுட்டுக் கொன்றான். அந்தப் பையனின் பெயரிலேயே 'டேனியல் சட்டம்' வந்தது. நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், போலீஸ்காரர்கள் கேட்டால் முகவரியை எடுத்தே ஆக வேண்டும், எடுக்காவிட்டால் அவர்கள் வழக்குப் போடலாம். நல்ல சட்டம். ஆனால் அடிக்கிற கணவனிடமிருந்து தப்பித்து வேறு ஊருக்குப் போன ஒரு பெண்ணுக்கும் அதே பாதுகாப்பு வேண்டாமா? அவளுக்குத்தான் ரொம்ப வேண்டும். அப்படி வெளியே வந்த நம் பெண்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

முகவரியோடு நிற்பதும் இல்லை. 2014-இல் மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி., ஆட்களைப் பற்றிய தகவலைச் சேர்த்து விற்கும் ஒன்பது தரவுத் தரகு நிறுவனங்களை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரே ஒரு நிறுவனத்திடம் ஏறக்குறைய ஒவ்வோர் அமெரிக்க நுகர்வோரைப் பற்றியும் 3,000 வகைத் தகவல் பிரிவுகள் இருந்தன. வருமானம், இனம், வயது வைத்து மனிதர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துப் பட்டியலாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அது பத்து வருடத்துக்கும் முந்தைய நிலவரம். 2024-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விஷயம் வெளியே வந்தது, எப்போது கடுமையாக பிரேக் போட்டீர்கள், எவ்வளவு வேகத்தில் போனீர்கள் என்பதையெல்லாம் கார் குறித்து அனுப்ப, அது தரகர்கள் வழியாக இன்சூரன்ஸ் நிறுவனங்களின் கைக்குப் போயிருக்கிறது. பிரீமியம் ஏன் ஏறியது என்று தெரியாமலே கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

கலிஃபோர்னியா இந்த விஷயத்தில் ரொம்ப தூரம் போய்விட்டது. 2023-இல் கையெழுத்தான 'டிலீட் சட்டம்' வழியாக அரசே ஒரு தளம் வைத்திருக்கிறது, 2026 ஜனவரியிலிருந்து அங்கே போய் ஒரே ஒரு கோரிக்கை போட்டால் போதும், பதிவு செய்த தரகர்கள் எல்லாருக்கும் அது போகும். ஆகஸ்டிலிருந்து 45 நாளுக்கு ஒரு முறை அவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் இரண்டு பெயரில் இரண்டு படிவம் நிரப்பிய வேலை ஒவ்வொரு தளத்திலும் செய்ய வேண்டியது, அங்கே ஒரே தடவையில் முடிகிறது. இதன் ஆரம்பமே ஒரு தனி மனிதர்தான், சான் ஃபிரான்சிஸ்கோ ரியல் எஸ்டேட்காரர் அலஸ்டேர் மக்டாகர்ட். ஆறு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகத் தயாரானார், அந்தப் பயத்தில்தான் 2018-இல் சட்டமன்றம் அவசர அவசரமாகச் சட்டம் இயற்றியது. வர்ஜீனியாவில் குடிமக்கள் அப்படி நேராக வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக வழியில்லை, அதனால் நமக்கு சட்டமன்ற உறுப்பினர்கள்தான் கதி.

வழக்குப் போடும் உரிமை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், சண்டை முழுக்க அதில்தான் நடக்கிறது. இல்லினாயில் 2008 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: கைரேகை, முக அமைப்பு போன்றவற்றை எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் எடுத்தால் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் போகலாம், கவனக்குறைவு என்றால் 1,000 டாலர், வேண்டுமென்றே செய்தால் 5,000 டாலர். ஃபேஸ்புக் படங்களில் முகத்தை அடையாளம் கண்டு பெயர் போட்டதற்காக அந்தச் சட்டத்தில் 65 கோடி டாலர் கொடுத்தது, பணம் மக்களின் வீட்டுக்கு செக்காகப் போனது. அதே மாதிரி விஷயத்துக்கு டெக்சாஸில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024-இல் 140 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டது. இரண்டு மடங்குக்கும் மேல், ஆனால் அங்கே வழக்குப் போட முடிந்தது அட்டர்னி ஜெனரலால் மட்டும்தான், பணம் மாநில அரசுக்கு. முகத்தைக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இல்லினாய் சட்டத்திலும் குறை இருந்தது. கைரேகைக் கருவியில் ஒவ்வொரு தடவை விரல் வைப்பதும் தனித்தனி மீறல் என்று 2023-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல, நஷ்டஈடு கற்பனைக்கெட்டாத தொகைக்குப் போகும் நிலை வந்தது. 2024-இல் ஆளுக்கு ஒரு மீறல் என்று திருத்தினார்கள். சரி, அப்படித் திருத்தலாமே. உரிமையையே கொடுக்காமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது. வெர்மான்டில் 2024-இல் இரு அவைகளும் பலமான மசோதாவை நிறைவேற்றி அனுப்பின, குறிப்பிட்ட சில மீறல்களுக்கு மட்டும்தான் வழக்குரிமை, அதுவும் பெரிய நிறுவனங்கள் மீது மட்டும். ஆளுநர் ஃபில் ஸ்காட் தொழில்களுக்கு ஆபத்து என்று வீட்டோ செய்தார்.

ஐம்பது மாநிலத்துக்கு ஐம்பது சட்டம் என்றால் குழப்பம், மத்திய அரசு ஒன்று போடட்டும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2022-இலும் 2024-இலும் வந்த மத்திய மசோதாக்கள் இரண்டும் நின்றுபோயின, அவை மாநிலச் சட்டங்களில் பெரும்பாலானவற்றைச் செல்லாமல் ஆக்கும்படி எழுதப்பட்டிருந்தன. ஹிப்பாவைப் பாருங்கள், அதைவிடக் கடுமையாக மாநிலம் சட்டம் போட்டால் அது செல்லும். அப்படி மத்தியச் சட்டம் தரையாக இருக்கட்டும், கூரையாக வேண்டாம்.

வர்ஜீனியாவால் முடியாது என்றும் இல்லை. 2025-இல் இதே சட்டமன்றம்தான் கர்ப்பம், கருத்தடை சம்பந்தப்பட்ட தகவல்களைச் சம்மதம் இல்லாமல் வாங்கவோ விற்கவோ கூடாது என்று சட்டம் போட்டு, பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம் என்றும் வைத்தது. அதையே மற்ற தகவலுக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம், ஓட்டு இல்லை, நாம் என்ன பேசுவது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஓட்டுப் போடத்தான் குடியுரிமை வேண்டும். மாநிலச் சட்டமன்றத்தில் உங்கள் டெலிகேட்டும் (கீழவை உறுப்பினர்) செனட்டரும் தொகுதியில் குடியிருக்கும் எல்லாருக்கும் பிரதிநிதி, அவருக்கு எழுத யாரும் தடுக்கவில்லை. ஜனவரி இரண்டாவது புதன்கிழமை மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் கூட்டத்தொடர் தொடங்கும், மசோதா குழுவுக்கு வரும்போது எழுத்தில் கருத்து அனுப்பலாம், வீட்டிலிருந்தே வீடியோவில் பேசவும் வழி உண்டு. நீளமாக எழுத வேண்டாம். தேவையானதை மட்டும் வாங்கச் சொல்லும் மேரிலாண்ட் விதி, தரகர்களுக்கு ஒரே இடத்தில் நீக்கக் கோரிக்கை, பாதிக்கப்பட்டவருக்கு வழக்குரிமை, அந்த 30 நாள் அவகாசத்தை எடுப்பது, இந்த நான்கையும் கேளுங்கள், கூடவே உங்களுக்கு நடந்தது ஒன்றைச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். நான் எழுதியபோது அலுவலகத்திலிருந்து ஓர் உதவியாளர் கூப்பிட்டார், அந்த இரட்டைப் பெயர் விஷயத்தைத்தான் திரும்பத் திரும்ப விசாரித்தார், இதைப் பற்றித் தொகுதியிலிருந்து கடிதங்கள் அதிகம் வருவதில்லை என்றும் சொன்னார்.

அதுவரை பிரௌசரில் ஒரு சின்ன வேலை செய்து வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதியில் 'என் தகவலை விற்காதே' என்று தளங்களுக்குச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது, பிரேவில் அது ஏற்கெனவே போட்டுத்தான் வரும். கலிஃபோர்னியா, கொலராடோ, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் தளங்கள் அதை மதித்தே ஆக வேண்டும், வர்ஜீனியா சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. இதை ஐந்தாவது கோரிக்கையாகச் சேர்த்துக்கொள்ளலாம். நான் அனுப்பிய கடிதத்தின் வாசகம் வேண்டுமானால் கமெண்டில் கேளுங்கள், அனுப்புகிறேன், ஆனால் அப்படியே நகல் எடுக்காமல் உங்கள் கதையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.