நோட்டுப் புக்ல 12 எழுத்து

டெட் ஸ்பேஸ்ங்கற ஹாரர் வீடியோ கேமோட முதல் பாகத்த இப்பதான் முடிச்சேன்னு சொன்னா ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. 2008ல வந்த கேம், 2023ல அதுக்கு ரீமேக்கே வந்துடுச்சு, நான் இன்னும் யாரோ வித்த பழைய பிஎஸ் த்ரீ கேம் மெஷின 60 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கி டிஸ்க்க சொருகிட்டு உக்காந்திருக்கேன். முடிவையும் சேத்துத்தான் எழுதப்போறேன், இனிமே வெளையாடற ஐடியா இருக்கறவங்க இங்கயே கழண்டுக்கங்க.

எனக்கு பிரச்சன பயம் இல்ல, மறதி. மூணாவது சாப்டர் பாதியில இருக்கும்போது ரெண்டு வாரம் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி வந்துடுச்சு, போயிட்டு வந்து சேவ் ஃபைல தொறந்தா இஷிமுராங்கற விண்வெளிக் கப்பல்ல ஏதோ ஒரு காரிடார்ல நிக்கறேன், எதுக்கு நிக்கறேன்னு சத்தியமா தெரியல. வலது ஸ்டிக்க அமுக்கினா தரையில நீலக் கோடு போட்டு வழி காட்டும்தான், ஆனா அது போகவேண்டிய எடத்தத்தான் காட்டும், எந்த ரூம பாக்காம விட்டேன், எந்தப் பூட்டின கதவு முன்னாடி நின்னு பவர் நோட் போடலாமா வேணாமான்னு யோசிச்சேன், அதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியும்? சாப்டர் முடிஞ்சு ட்ராம் ஏறிட்டோம்னா விட்டது விட்டதுதான்.

இந்த பவர் நோட் இருக்கே, அதுலதான் எல்லா கணக்கும். ஆயுதத்த மேம்படுத்தற பெஞ்சுல கொண்டுபோயி ப்ளாஸ்மா கட்டர்ங்கற துப்பாக்கிக்கு பவர் ஏத்தலாம், இல்லன்னா அதே நோட்ட பூட்டின ரூமுக்குப் போட்டு உள்ள இருக்கறத அள்ளிக்கலாம். கடையில வாங்கினா ஒண்ணு 10,000 கிரெடிட். இதுல கொடும என்னன்னா பெஞ்சுல நடுநடுவுல ஒண்ணுமே தராத காலி கட்டம் வேற இருக்கும், அதத் தாண்டறதுக்கே ஒரு நோட் அழணும்.

அதனால அக்கா பொண்ணோட பழைய ஸ்கூல் நோட்டு ஒண்ண எடுத்து, கடைசிப் பக்கத்துல கோடு போட்டேன். நெட்ல பாத்து 12 சாப்டரையும் மொதல்லயே வரிசையா எழுதிட்டேன், கட்டம் சின்னதா போச்சு, பேரு முழுசா புடிக்கல, அதனால ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ் முதல் எழுத்து மட்டும். பக்கத்துல எத்தன பவர் நோட், எவ்வளவு குண்டு மிச்சம், கடைசியா எங்க சேவ் பண்ணேன். நாலாவது வரியில மட்டும் "கல்லு, 7 தடவ செத்தேன்"னு இருக்கும். கப்பல் பீரங்கியில உக்காந்து விண்கல்ல சுடற எடம். கை கால வெட்டி நெக்ரோமார்ஃப்ங்கற பொணப் பூதங்கள கொல்ற கேம்ல இத யாரு கேட்டா? அந்த ஏழு தடவையும் என் வாயில வந்தத கேட்டு வீட்டுக்காரி ரூம் கதவ சாத்திட்டா.

அஞ்சாவது ஆரம்பிச்ச அன்னிக்கு அக்கா பொண்ணு ஸ்கூல் விட்டு நேரா எங்க ப்ளாக்குக்கு வந்திருந்தா, ப்ரைமரி ஃபைவ். மைலோ குடிச்சிக்கிட்டே நோட்ட பொரட்டினவ, "மாமா, யாரு நிக்கோல்? ஏன் செத்துப்போயிட்டாங்க?"ன்னு கேக்கறா. எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு. இவளுக்கு எப்படி நிக்கோல் பேரு தெரியும், நான் வெளையாடும்போது இவள உள்ளயே விடமாட்டேனே. "நீங்கதானே எழுதியிருக்கீங்க"ன்னு வெரல வச்சு மேலேருந்து கீழ இழுத்துக் காட்டினா. என், ஐ, சி, ஓ, எல், ஈ. அடுத்து ஐ, எஸ். அப்புறம் டி, ஈ, ஏ, டி. ஒவ்வொரு வரி முதல் எழுத்தயும் சேத்தா ஒரு பேரு வர்ற மாதிரி கவித எழுத ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்களாம், அந்தப் பழக்கத்துல படிச்சுட்டா.

கேம் ஆரம்பிக்கறதே நாம ஆடற ஹீரோ ஐசக் அவன் காதலி நிக்கோல் அனுப்பின வீடியோவ பாக்கறதுலதான், அவளத் தேடித்தான் அந்தக் கப்பலுக்கே வர்றான். கடைசியில ஒடைக்கவேண்டிய ரகசியத்த சாப்டர் பேருலயே ஒளிச்சு வச்சிருக்கானுங்க, நான் என் கையாலயே அத கட்டம் கட்டி எழுதி பக்கத்துல குண்டு கணக்கு போட்டிருக்கேன்.

அதுக்கப்புறம் வெளையாடினது வேற கேம் மாதிரிதான் இருந்துச்சு. திடீர்னு நிக்கோல் வந்து நிப்பா, பேசுவா, ஐசக் அவளுக்காக ஓடுவான். அவன் முதுகுத்தண்டுல உயிரு எவ்வளவு மிச்சம்னு நீலமா எரியும், எப்பவும் அந்த முதுகப் பாத்துக்கிட்டேதான் வெளையாடணும், எனக்கு நெக்ரோமார்ஃப் மேல இருந்த கவனம் போயி அந்த முதுகு மேலயே இருந்துச்சு. 12வது சாப்டர் முடிக்கும்போது மணி ரெண்டர, கீழ காப்பிக் கடைகூட மூடிட்டான்.

மறுவாரம் பாப்பா வந்தப்ப முடிச்சிட்டேன்னு சொன்னேன். "அந்த அங்கிளுக்கு தெரிஞ்சிடுச்சா?"ன்னு கேட்டா. தெரிஞ்சிடுச்சுன்னேன். நோட்ட திருப்பிக் குடுங்கன்னு வாங்கி பையில வச்சுக்கிட்டா, முன்பக்கத்துல அவளோட ஸ்பெல்லிங் லிஸ்ட் இருக்காம்.