கழுத்து அளவு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வடகடல் கரையில் வாடைக்காற்று நிற்காமல் அடிக்கும். பாக் விரிகுடாவின் ஈரம் கிடுகு இடுக்கெல்லாம் புகுந்து, விடியற்காலையில் பெரியவர்களையே சுருண்டு படுக்க வைத்துவிடும். மண்டபம் பக்கம் கிராம சுகாதார செவிலியராகப் பிரசவ வீடுகளுக்குப் போகிறேன். அந்த மாதங்களில் பச்சைக் குழந்தையைத் துணிக்குவியலுக்குள் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு வீடு மறக்கவே இல்லை. பிறந்து 12 நாள் ஆன பெண்குழந்தை. எடை பார்க்கலாம் என்று பாயருகே உட்கார்ந்தேன். நாலாக மடித்த கம்பளியின் ஓரம் மூக்கு வரை ஏறியிருந்தது. விலக்கினால், மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பிடரி முடி நனைந்து ஒட்டிக் கிடந்தது. அம்மாச்சியோ குழந்தையின் கையைத் தொட்டு, "பாருங்க நர்சம்மா, விரல் சில்லுனு இருக்கு" என்று இன்னொரு துண்டை எடுத்தார்.

பிறந்த குழந்தைக்குக் கைகால் விரல் சில்லென்று இருப்பது இயல்பு. சூட்டை நெஞ்சிலோ பிடரியிலோதான் தொட்டுப் பார்க்க வேண்டும். முகத்தில் விழுந்த துணியைத் தள்ளிவிடும் தெம்பு அந்த வயதில் கிடையாது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். சூடு மிஞ்சுவதும் ஆபத்து. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி 1994ல் அமெரிக்காவில் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், தூக்கத்தில் காரணம் தெரியாமல் போகும் சிசு மரணங்கள் அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மல்லாக்கப் படுக்கை, தட்டையான கெட்டியான விரிப்பு, பக்கத்தில் தலையணையோ தளர்ந்த துணியோ கூடாது. அவ்வளவுதான்.

இதைப் பல வருடம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். நான் தெருமுனை திரும்புவதற்குள் கம்பளி மறுபடி ஏறிவிடும். குளிரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர் அம்மாச்சி. "போர்த்தாதீங்க" என்றால் அவர் காதில் "விறைக்க விடுங்க" என்றுதான் விழும். போர்வையை எடுக்கச் சொன்னேனே தவிர, அதற்குப் பதிலாக அவர் கையில் நான் எதையும் கொடுத்ததில்லை.

ஒரு பயிற்சி வகுப்பில் ஸ்லீப் சாக்கைப் பார்த்திருந்தேன். மேலே கையில்லாத சட்டை, கீழே மூடிய பை; குழந்தை போட்டுக்கொள்ளும் போர்வை. கடையில் வாங்க அந்த வீட்டில் காசில்லை, தையல் மெஷின் இருந்தது. பழைய பருத்திச் சேலையை இரண்டு மடிப்பாகப் போட்டு அம்மாச்சியே வெட்டினார். கழுத்தை மட்டும் நான் விடாமல் அளந்தேன். துணிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம், தலை உள்ளே நழுவக் கூடாது. நாடா வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். தோளிலும் அடியிலும் நன்றாக இறுக்கித் தைத்த அமுக்குப் பட்டன். இடுப்புக்குக் கீழே தாராளமாக விட்டோம். குழந்தை தவளை மாதிரி காலை மடக்கி விரிக்க வேண்டும். நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டுக்குக் கேடு.

எவ்வளவு உதைத்தாலும் இது முகத்துக்கு ஏறாது, விலகியும் போகாது. கை வெளியே இருப்பதால் புரளும் வயதிலும் போடலாம். துணியில் சுற்றிக் கட்டுகிறவர்கள், பிள்ளை புரளப் பார்க்கும்போதே அதை நிறுத்திவிட வேண்டும். எடை வைத்துத் தைத்த பைகளும் விற்கிறார்கள். அவை வேண்டவே வேண்டாம், நெஞ்சை அமுக்கும். சித்திரைப் புழுக்கத்தில் மெல்லிய சட்டையே போதும். 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் பையை மட்டும் நம்பாதீர்கள். தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து வைக்கும் கங்காரு முறைதான் அதற்குக் கதகதப்பு.

21ஆம் நாள் போனபோது கம்பளி கொடியில் தொங்கியது. அம்மாச்சி என் கண்முன்னே பிடரியைத் தொட்டுப் பார்த்து, "வெதுவெதுன்னு இருக்கு" என்றார். அப்புறம் உள்ளே போய் இன்னும் இரண்டு பைகளை எடுத்து வந்தார். பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஏழு மாதமாம். எல்லாம் தைத்து, கழுத்தை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்.

"பிள்ளை பிறக்கட்டும் நர்சம்மா. அளந்துக்கிட்டு வெட்டுவோம்."